எலக்ட்ரான் ஆப்பில் காம் போர்ட் பட்டியல் வரமாட்டேங்குது – எடைமேடை பில்லிங்

மஞ்சள்மண்டி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஈரோடு பக்கம் ஒரு எடைமேடைக்கு பில்லிங் ஆப் எழுதிட்டிருக்கேன். எலக்ட்ரான் 30 (வெப் பக்கத்தை டெஸ்க்டாப் ஆப்பா ஓட்டற கட்டமைப்பு), பக்கமெல்லாம் ரியாக்ட். இதுக்கு முன்னாடி அங்க ஓடுனது விஷுவல் பேசிக் 6-ல எழுதுனது. எடை வர்ற சீரியல் போர்ட்டை (விண்டோஸ்ல காம் போர்ட்) காம்1-னு கோடுக்குள்ளயே எழுதி வெச்சிருந்தாங்க, பத்து வருசத்துக்கு மேல அப்படியே ஓடுச்சு. பழைய கம்ப்யூட்டர் போயிருச்சு. புதுசுல பின்னாடி ஒன்பது ஊசி போர்ட்டே கிடையாது, யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் போட்டுத்தான் இண்டிகேட்டரை (எடை காட்டற பெட்டி) இணைச்சிருக்கோம்.

நானும் முதல்ல காம்3-னு எழுதி வெச்சுட்டேன். போன வாரம் காலைல ஆறு மணிக்கு போன். ராத்திரி ஷிப்ட்ல மேசையைத் துடைச்சவங்க கேபிளைப் பிடுங்கி, பக்கத்து ஓட்டைல குத்திட்டாங்க. காம்3 இப்ப காம்7 ஆயிருச்சு. மேடை மேல மஞ்சள் லோடு லாரி ஒண்ணு, பின்னாடி வரிசைல அஞ்சு லாரி, திரைல எடை பூஜ்யம். ஆபரேட்டர் அண்ணன் இண்டிகேட்டரைப் பார்த்து கையால பில் எழுதி அனுப்பினாரு. அதனால இனிமே இருக்கிற போர்ட்டெல்லாம் பட்டியலாக் காட்டி, அதுல தேர்ந்தெடுக்கிற மாதிரி வைக்கணும்.

போர்ட்டைப் படிக்கிற சீரியல்போர்ட்ங்கிற நோட்.ஜேஎஸ் பேக்கேஜைப் பக்கத்துக் கோட்லயே ரிக்வயர் பண்ணேன். "ரிக்வயர் வரையறுக்கப்படவில்லை"ன்னு பிழை. தேடிப் பார்த்ததுல நோட் இண்டக்ரேஷனை ட்ரூ பண்ணு, கான்டெக்ஸ்ட் ஐசொலேஷனை ஃபால்ஸ் பண்ணுன்னு (ரெண்டும் பக்கத்தைத் தனியா பிரிச்சு வெக்கற பாதுகாப்பு அமைப்பு) ஒரு பழைய பதில் இருந்துச்சு. அதையும் செஞ்சேன். இப்ப "வேறு நோட் பதிப்புக்காக கம்பைல் செய்யப்பட்டது"ன்னு வருது. டெர்மினல்ல வெறும் நோட்ல ஓட்டினா மட்டும் பட்டியல் அழகா வருது. எங்க தப்புன்னு சொல்லுங்க.

---

நிரலி

முதலில் அந்த இரண்டு அமைப்புகளையும் பழையபடி மாற்றிவிடுங்கள். நீங்கள் படித்த பதில் 2019-க்கு முந்தையதாக இருக்கும். எலக்ட்ரான் 5-ல் நோட் இண்டக்ரேஷன் இயல்பாகவே அணைக்கப்பட்டது, 12-ல் கான்டெக்ஸ்ட் ஐசொலேஷன் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது, 20-ல் பிரீலோடுகூட (பக்கத்துக்கு முன் ஓடும் இணைப்புக் கோப்பு) சாண்ட்பாக்ஸ் என்ற கட்டுப்பட்ட சூழலுக்குள் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் வலுவான பாதுகாப்புக் காரணம் உண்டு. ஒரே ஒரு பேக்கேஜுக்காக அவற்றைத் திறந்துவிட வேண்டாம்.

உங்கள் ஆப் ஒரே புரோகிராம் போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு. மண்டிக் கணக்கில் சொன்னால் ரியாக்ட் பக்கம் வாசலில் இருக்கும் கல்லா, மெயின் பிராசஸ் பின்னால் இருக்கும் குடோன். சீரியல் போர்ட், ஃபைல், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சாவி குடோன்காரரிடம்தான். கல்லாவில் இருப்பவர் குடோனுக்குள் நுழையக் கூடாது, சீட்டு கொடுத்துக் கேட்டு வாங்க வேண்டும்.

அதனால் சீரியல்போர்ட்டை மெயின் பிராசஸ் கோப்பில் மட்டும் ஏற்றுங்கள். அங்கே ஐபிசி மெயினின் (இரண்டு பிராசஸுக்கும் இடையே செய்தி போகும் வழி) ஹேண்டில் மூலம் 'போர்ட்பட்டியல்' என்று ஒரு சேனல் வையுங்கள். அது செய்ய வேண்டியதெல்லாம் சீரியல்போர்ட்டின் லிஸ்ட் ஃபங்ஷனை அழைத்து, வரும் அர்ரேயை அப்படியே திருப்பித் தருவதுதான். லிஸ்ட் ஒரு பிராமிஸ் தரும், ஹேண்டில் அதைத் தானாகக் காத்திருந்து வாங்கிக்கொள்ளும். பிரீலோடில் கான்டெக்ஸ்ட் பிரிட்ஜ் வழியாக, அந்தச் சேனலை இன்வோக் செய்யும் ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் பக்கத்துக்குக் கொடுங்கள். ஐபிசி ரெண்டரரை முழுசாகத் தூக்கிக் கொடுத்தால் கல்லாவில் உள்ளவருக்குச் சாவிக்கொத்தையே கொடுத்த மாதிரி.

அடுத்தது அந்த நோட் பதிப்புப் பிழை. சீரியல்போர்ட்டுக்குள் சி++ பாகம் உண்டு. எலக்ட்ரானுக்குள் இருக்கும் நோடும் உங்கள் டெர்மினல் நோடும் ஒன்றல்ல. பேக்கேஜ் ஜேசனைத் திறந்து சீரியல்போர்ட் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 10-க்குக் கீழே இருந்தால் ரீபில்டோடு (எலக்ட்ரானுக்காக மறுபடி கம்பைல் செய்வது) மல்லுக்கட்டாமல் மேலே ஏறிவிடுங்கள். 2022-ல் வந்த 10 முதல் அது நோட் பதிப்பு மாறினாலும் மாறாத என்-ஏபிஐ மேல் கட்டப்பட்டு, தயாராக கம்பைல் செய்த பைனரிகளோடு வருகிறது. பெரும்பாலும் ரீபில்டே தேவைப்படாது.

---

மஞ்சள்மண்டி

அக்கா, சொன்னபடி பார்த்தேன். பதிப்பு 8. ஒரு பழைய புராஜெக்ட்ல இருந்து காப்பி பண்ணினது. 12-க்கு ஏத்திட்டேன்.

முதல்ல "நேட்டிவ் பில்ட் கிடைக்கவில்லை"ன்னு வேற பிழை. வைட்ங்கிற பில்ட் கருவி, மெயின் கோப்பையும் சேர்த்து பண்டில் பண்ணிருச்சு போல. சீரியல்போர்ட்டை எக்ஸ்டர்னல்னு குறிச்சதும் சரியாயிருச்சு. ஒரு நாளே இதுல போச்சு, அதனால எழுதி வெக்கறேன், அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

இப்ப பட்டியல் வருதுங்க! ஆனா நாலு போர்ட்டு நிக்குது. பார்த்ததை அப்படியே தர்றேன்:

காம்1: தயாரிப்பாளர் "ஸ்டாண்டர்ட் போர்ட் டைப்ஸ்", வெண்டர் ஐடி காலி
காம்5: மைக்ரோசாஃப்ட், வெண்டர் ஐடி காலி
காம்6: மைக்ரோசாஃப்ட், வெண்டர் ஐடி காலி
காம்7: டபிள்யூசிஎச் டாட் சிஎன், வெண்டர் 1ஏ86, புராடக்ட் 7523

பின்னாடி போர்ட்டே இல்லாத கம்ப்யூட்டர்ல காம்1 எங்கிருந்து வந்துச்சு? மைக்ரோசாஃப்ட் போர்ட்டுன்னா என்னங்க? ஆபரேட்டர் அண்ணனுக்கு இந்த நாலையும் காட்டினா அவரு எதைன்னு தொடுவாரு?

---

சால்டரிங்அயர்ன்

தம்பி, பட்டியல் சரியாகத்தான் வந்திருக்கிறது. காம்1 உங்கள் மதர்போர்டில் உள்ளது. பின்பக்கம் சாக்கெட் வைக்காமல், போர்டின் மேல் பத்து ஊசி ஹெடர் மட்டும் விட்டிருப்பார்கள். காம்5, காம்6 ப்ளூடூத். அந்த இரண்டின் பிஎன்பி ஐடியைப் (விண்டோஸ் வைக்கும் சாதன அடையாளம்) பாருங்கள், 'பிடிஎச்ஈனம்' என்று தொடங்கும். யாரோ போனையோ ஹெட்செட்டையோ ப்ளூடூத்தில் இணைத்திருக்கிறார்கள். காம்7 உங்கள் கேபிள். 1ஏ86, 7523 என்றால் சிஎச்340 சிப்.

இப்போது காலை ஆறு மணி சமாச்சாரத்துக்கு வருகிறேன். அதுதான் இங்கே முக்கியம்.

ஒரு யூஎஸ்பி சாதனத்தைச் செருகியதும் விண்டோஸ் அதன் சீரியல் நம்பரைக் கேட்கும். நம்பர் இருந்தால் எந்த ஓட்டையில் குத்தினாலும் அதே சாதனம் என்று தெரிந்து, அதே காம் எண்ணைக் கொடுக்கும். எஃப்டிடிஐ சிப் உள்ள நல்ல கேபிள்களில் அது இருக்கும். மலிவாகக் கிடைக்கும் சிஎச்340 கேபிள்களில் இருக்காது. அப்போது விண்டோஸுக்கு அந்த ஓட்டைதான் அடையாளம். ஓட்டை மாறினால் புதுச் சாதனம், புது காம் எண். உங்கள் ஆள் துடைத்ததில் தவறே இல்லை, காம் எண்ணை நம்பிக் கோடு எழுதியதுதான் தவறு.

பட்டியலில் சீரியல் நம்பர் என்ற புலத்தையும் பாருங்கள். சிஎச்340-க்கு அங்கே ஆம்பர்சண்ட் குறிகள் போட்ட ஒரு எண் தெரியக்கூடும். அது சாதனத்தின் எண் அல்ல, இடத்தை வைத்து விண்டோஸ் தானே கட்டியது. அதை அடையாளமாகச் சேமித்தால் மறுபடியும் இதே கதைதான்.

ஆகவே காம்7 என்று சேமிக்காதீர்கள். வெண்டர் 1ஏ86, புராடக்ட் 7523 என்று சேமியுங்கள். ஆப் தொடங்கும்போது பட்டியலில் அந்த ஜோடியைத் தேடி, கிடைத்த பாத்தைத் (போர்ட்டின் பெயர்) திறங்கள். ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் சிறிய எழுத்தாக்கிவிடுங்கள். ஒரு சிஸ்டத்தில் பெரிய எழுத்திலும் இன்னொன்றில் சிறிய எழுத்திலும் வந்து நான் அலைந்திருக்கிறேன்.

---

கோடுமழை

இவ்வளவு சுற்ற வேண்டுமா? பட்டியலில் உள்ள போர்ட்டை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, இரண்டு விநாடி கேட்டுப் பார்த்தால் போதுமே. எடை வரும் போர்ட் எதுவோ அதுதான் எடைமேடை. வெண்டர் ஐடி கேபிளைத்தான் சொல்லும், மறுமுனையில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. நாளைக்கே அதே வகை கேபிள் இன்னொன்று வாங்கி டிஸ்ப்ளே போர்டுக்குப் போட்டால் இரண்டு 7523 நிற்கும். அப்போது என்ன செய்வார்?

---

சால்டரிங்அயர்ன்

கோடுமழை, இரண்டு கேபிள் வந்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. ஆனால் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். காரணம் என் கண்ணால் பார்த்தது.

ஒரு கிடங்கு வாசலில் தடுப்புக்கட்டைக்கு நான் ஆர்டுயினோ யூனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு போட்டிருந்தேன். உள்ளே இருந்த கம்ப்யூட்டரில் வேறொருவர் எழுதிய பார்கோடு மென்பொருள். அது தொடங்கும்போது நீங்கள் சொன்ன மாதிரியே எல்லா போர்ட்டையும் திறந்து பார்க்கும். போர்ட்டைத் திறந்தவுடன் டிடிஆர் என்ற கட்டுப்பாட்டுக் கம்பி தாழும். யூனோவில் அந்தக் கம்பி ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியாக ரீசெட்டுக்குப் போகிறது. ஸ்கெட்சை ஏற்ற வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள். ரீசெட் ஆனால் பின்கள் எல்லாம் இன்புட் ஆகிவிடும், ரிலே விடும், கட்டை இறங்கும். ஒரு டெம்போ பாதி நுழைந்திருந்தபோது அது நடந்தது. பானட்டில் ஒரு பள்ளம், நல்லவேளை ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிலே விட்டாலும் கட்டை மேலேயே நிற்கும்படி பிறகு வயரிங்கை மாற்றினேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், அது என் பிழை. ஆனால் மற்றவர் சாதனத்தை அனுமதியில்லாமல் திறப்பதும் பிழைதான்.

லிஸ்ட் ஃபங்ஷன் எந்த போர்ட்டையும் திறப்பதில்லை, சிஸ்டம் வைத்திருக்கும் பதிவேட்டைத்தான் படிக்கிறது. அதனால்தான் அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

முதலில் வெண்டர், புராடக்டால் சலியுங்கள். ஒன்று மிஞ்சினால் அதைத் திறங்கள். இரண்டு மிஞ்சினால் மட்டும் ஆபரேட்டரிடம் கேளுங்கள். அவர் தொட்டதைத் திறந்து, எடை வடிவத்தில் தரவு வருகிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

---

பனங்கூடல்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். மண் பரிசோதனைக் கருவி ஒண்டுக்கு எலக்ட்ரானிலதான் செய்தனான், ஆனா உபுண்டுவில ஓடுது. லினக்ஸில செய்யிற ஆக்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறன்.

முதல்தரம் பட்டியலைப் பார்த்துப் பயந்திட்டன். டிடிஒய்எஸ்0-ல இருந்து டிடிஒய்எஸ்31 வரைக்கும் முப்பத்திரண்டு வரி. கேர்னல் முன்கூட்டியே ஒதுக்கி வைச்ச பேர்கள் அவை, பின்னால வன்பொருள் ஒண்டும் இல்லை. வெண்டர் ஐடி இல்லாததை நீக்கினால் எல்லாம் போயிடும். ஆனா போர்டிலயே பொருத்தின உண்மையான போர்ட்டும் சேர்ந்து போயிடும் எண்டதை நினைவில வைச்சிருங்கோ. அதுக்கு "எல்லாம் காட்டு" எண்டு ஒரு பொத்தான் வைச்சனான்.

சிஎச்340, எஃப்டிடிஐ மாதிரிக் கன்வெர்ட்டர்கள் டிடிஒய்யுஎஸ்பி0 எண்டு வரும். யூனோ மாதிரி நேரடியா யூஎஸ்பி பேசுறவை டிடிஒய்ஏசிஎம்0 எண்டு வரும். பட்டியலில பேர் தெரிஞ்சும் திறக்கேக்க அனுமதி இல்லை எண்டு வந்தால், பயனரை டயல்அவுட் குழுவில சேர்க்கவேணும். சேர்த்தாப் பிறகு லாக்அவுட் செய்து திரும்ப வாங்கோ, அப்பதான் பிடிக்கும்.

ஒரு கிழமை என்னைச் சுத்தவைச்ச விசயம் இது: உபுண்டு 22.04-ல கேபிளைக் குத்தினவுடன டிடிஒய்யுஎஸ்பி0 வரும், ஒரு செக்கன் கழிய மறைஞ்சிடும். பிழை என்ரை கோட்டில எண்டுதான் நினைச்சனான். டிமெசேஜ் (கேர்னல் பதிவு) பார்த்தால், பிஆர்எல்டிடிஒய் எண்ட சேவை அந்தச் சிஎச்340-ஐத் தன்ர பிரெய்ல் கருவி எண்டு நினைச்சுப் பிடிச்சுக்கொண்டு போகுது. பிரெய்ல் கருவி பாவிக்கிற ஆள் அந்தக் கணினியில இல்லாட்டில் அந்தப் பொதியை நீக்கலாம். இருந்தால் நீக்கவேண்டாம், அந்த ஐடிக்கான யூடெவ் (சாதனங்களைக் கவனிக்கிற சேவை) விதியை மட்டும் எடுத்துவிடுங்கோ. அவையளுக்கு அதுதான் கண்.

இன்னொண்டு: லினக்ஸில லிஸ்ட் உள்ளுக்க யூடெவ்ஏடிஎம் கட்டளையைத்தான் ஓட்டுது. டாக்கருக்குள்ள அது இல்லாட்டில் பட்டியல் வராது, பிழைதான் வரும். பிடிச்சுக் காட்டுங்கோ.

---

கோடுமழை

சால்டரிங் அண்ணா, கட்டை விழுந்த கதைக்குப் பிறகு என் யோசனையை விட்டுவிட்டேன். என் ஆப் ஒன்றிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், இன்றே மாற்றுகிறேன்.

வேறொரு சந்தேகம். குரோம் 89-லிருந்து வெப் சீரியல் (பக்கமே சீரியல் போர்ட்டோடு பேசும் வசதி) இருக்கிறதே? எலக்ட்ரானும் குரோமியம்தான். நேட்டிவ் பேக்கேஜ் எதுவும் இல்லாமல் பக்கத்திலிருந்தே பட்டியல் எடுக்க முடியாதா?

---

நிரலி

முடியும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. வெப் சீரியலில் "இருக்கிற எல்லா போர்ட்டையும் கொடு" என்று கேட்கவே வழி கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. கெட்போர்ட்ஸ் என்று ஒன்று உண்டு, அது ஏற்கெனவே அனுமதி கொடுத்தவற்றை மட்டும் தரும். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் ரிக்வெஸ்ட்போர்ட், அதுவும் பயனர் ஒரு பொத்தானை அழுத்திய பிறகுதான் இயங்கும். எந்த இணையதளமும் உங்கள் கணினியில் என்னென்ன செருகியிருக்கிறது என்று வேவு பார்க்கக் கூடாது என்பதற்காக.

குரோமில் ரிக்வெஸ்ட்போர்ட் அழைத்தால் தேர்வுப் பெட்டி தானாக வரும், எலக்ட்ரானில் வராது. அதற்குப் பதில் மெயினில் செஷனுக்கு 'செலக்ட் சீரியல் போர்ட்' என்ற ஈவண்ட் வரும். பட்டியல் அதில்தான் இருக்கிறது: பெயர், வெண்டர், புராடக்ட் எல்லாம். பிரிவென்ட் டிஃபால்ட் போட்டு, தேர்ந்த போர்ட்டின் ஐடியைக் கால்பேக்கில் கொடுக்க வேண்டும். எதுவும் பொருந்தவில்லை என்றால் வெற்றுச் சரம் கொடுங்கள். கால்பேக்கை அழைக்காமல் விட்டுவிட்டால் பக்கத்தில் உள்ள பிராமிஸ் முடியாமலே தொங்கும்.

பள்ளிக்கூட ரோபோ கிட், பயனர் கண்முன் உட்கார்ந்து "இணை" என்று அழுத்துகிற ஆப், இதற்கெல்லாம் நான் வெப் சீரியலைத்தான் எடுப்பேன். கம்பைல் தொல்லையே கிடையாது. எடைமேடையில் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் யாரும் எதையும் தொடாமல் எடை வர வேண்டும். அங்கே மெயினில் சீரியல்போர்ட்தான் என் தேர்வு.

---

ரஸ்ட்காரன்

டௌரியில் (எலக்ட்ரான் போன்ற, ரஸ்ட் மொழிக் கட்டமைப்பு) செய்பவர்களுக்காக ஒரு வரி. அங்கே பக்கம் ஓடுவது சிஸ்டத்தின் சொந்த வெப்வியூவில். மேக்கிலும் லினக்ஸிலும் அது வெப்கிட், வெப் சீரியல் கிடையாது. ஆகவே ரஸ்ட் பக்கம் சீரியல்போர்ட் கிரேட்டில் (ரஸ்ட் பேக்கேஜ்) உள்ள அவைலபிள் போர்ட்ஸை ஒரு கமாண்டாக வைத்து, பக்கத்திலிருந்து இன்வோக் செய்ய வேண்டும். யூஎஸ்பி, பிசிஐ, ப்ளூடூத் என்று வகை பிரித்தே தருகிறது, சலிக்க அருமையாக இருக்கும். லினக்ஸில் கம்பைல் செய்ய லிப்யூடெவ் டெவ் பேக்கேஜ் தேவை.

---

மஞ்சள்மண்டி

எல்லாரும் சொன்னதை வெச்சு ரெண்டு நாளா உட்கார்ந்தேன். இப்ப ரெண்டு பிரச்சனை பாக்கி.

ஒண்ணு, கேபிளைப் பிடுங்கிக் குத்தினா தானா கண்டுபிடிக்கணும்னு ரெண்டு விநாடிக்கு ஒருக்கா பட்டியல் எடுக்கறேன். அதுல திரைல இருக்கிற பட்டியல் மினுக்கு மினுக்குன்னு புதுசாகுது. திறந்து வெச்சுத் தேர்ந்தெடுக்கறதுக்குள்ள மூடிக்குது.

ரெண்டு, சில சமயம் காம்7 பட்டியல்ல இருக்கு, ஆனா திறந்தா "ஆக்சஸ் டினைட்". கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினாலும் அதே.

---

நிரலி

மினுக்கல்: பட்டியல் எடுக்கும் வேலையை மெயினிலேயே வையுங்கள். புதுப் பட்டியலின் பாத்களை வரிசைப்படுத்தி, ஒரே சரமாக ஒட்டி, பழையதோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் மட்டும் பக்கத்துக்கு அனுப்புங்கள். முந்தைய லிஸ்ட் முடியாமல் அடுத்ததைத் தொடங்கவும் வேண்டாம். இன்டர்வல் வைக்காமல், ஒன்று முடிந்ததும் இரண்டு விநாடி டைம்அவுட் போட்டு மறுபடி அழையுங்கள்.

யூஎஸ்பி பேக்கேஜில் அட்டாச் ஈவண்ட் இருக்கிறது, அதையும் பயன்படுத்தலாம். ஆனால் சாதனம் வந்துவிட்டது என்ற செய்தி வரும் கணத்தில் காம் போர்ட் இன்னும் உருவாகி முடிந்திருக்காது. கொஞ்சம் பொறுத்துத்தான் பட்டியல் எடுக்க வேண்டும். ஒரே ஒரு எடைமேடைக்கு இரண்டு விநாடிச் சுற்றே போதும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது: பட்டியலில் இருக்கிறது என்றால் "இருக்கிறது" என்று மட்டும்தான் அர்த்தம், "காலியாக இருக்கிறது" என்று அர்த்தமில்லை. விண்டோஸில் ஒரு போர்ட்டை ஒருவர்தான் பிடிக்க முடியும். ரீஸ்டார்ட் செய்தும் அதே என்றால், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஏதோ ஒன்று முந்திக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள்.

---

மஞ்சள்மண்டி

அக்கா, கண்டுபிடிச்சுட்டேன்! பழைய விஷுவல் பேசிக் மென்பொருளேதான். பழைய ஹார்டு டிஸ்க்ல இருந்து ஃபோல்டரோட காப்பி பண்ணப்ப, பழைய பில் பார்க்கணும்னு யாரோ அதையும் நிறுவி காம்7-னு மாத்தி வெச்சிருக்காங்க. ஸ்டார்ட்அப்ல ஓடி, கடிகாரத்துக்குப் பக்கத்துல சின்ன ஐகானா உட்கார்ந்திருந்துச்சு. எடுத்துவிட்டதும் முதல் முயற்சிலயே திறந்துச்சு. 2400 பாட் வேகத்துல ஆறு இலக்கம் வரிசையா வந்து விழுந்தப்ப கண்ணு நிறைஞ்சுபோச்சுங்க.

இப்ப ஆப்ல காம் எண்ணே எங்கயும் காட்டறதில்ல. மேல ஒரு வரி: "எடைமேடை இணைந்துள்ளது", "கேபிள் இல்லை", "வேறு மென்பொருள் பிடித்திருக்கிறது". மூணுல ஒண்ணு. போர்ட் பட்டியல் அமைப்புப் பக்கத்துக்குள்ள இருக்கு, சர்வீஸுக்கு வர்றவங்களுக்கு மட்டும்.

நேத்து காலைல நானே அங்க போனேன். வெறும் மேடைல டிராக்டர் ஒண்ணை ஏத்தி நிறுத்தி, ஆபரேட்டர் அண்ணன் பார்த்துட்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கினேன். வரி சிவப்பாச்சு. வேற ஓட்டைல குத்தினேன், காம்9 ஆச்சு. மனசுக்குள்ள மூணு எண்றதுக்குள்ள பச்சை, அதே எடை. "இவ்வளவுதானா தம்பி"ன்னு கேட்டுட்டு அடுத்த லாரிக்குச் சீட்டுப் போட ஆரம்பிச்சுட்டாரு.

---

சால்டரிங்அயர்ன்

மிக்க மகிழ்ச்சி தம்பி. ஒன்று மட்டும் சேருங்கள். பட்டியல் மாறும்போதெல்லாம் தேதி, நேரத்தோடு ஒரு லாக் கோப்பில் எழுதட்டும். கேபிள் தளர்ந்து அடிக்கடி விட்டு விட்டு வந்தால் அதில் தெரிந்துவிடும். எடைமேடை அறையில் தூசியும் அதிர்வும் அதிகம், ஆறு மாதத்தில் கனெக்டர் தளரும்.

---

மஞ்சள்மண்டி

சேர்த்துட்டேன் அண்ணா. முதல் நாள் லாக்லயே மதியம் 2.40-க்கு ரெண்டு தடவை விட்டு வந்திருக்கு. நாளைக்கு எஃப்டிடிஐ கேபிள் வாங்கிட்டுப் போறேன், ஸ்க்ரூ போட்டு இறுக்கற மாதிரி. அதோட வெண்டர், புராடக்ட் 0403, 6001-ஐயும் தேடற பட்டியல்ல இப்பவே எழுதி வெச்சுட்டேன்.